கறையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர்க்கு மழை புதிதன்று; அது மரத்திற்குச் செய்யும் கேடுதான் புதிது. வைகாசி இறுதியில் தொடங்கும் காலவர்ஷம் ஓய்ந்தால் ஐப்பசியில் துலாவர்ஷம். கரமனையில் நாம் குடியிருக்கும் ஓட்டு வீட்டில் கதவுநிலையின் அடியை விரலால் அழுத்தினோம், உமிபோல் உதிர்ந்தது. கறையானின் மண்வரி கைமரம் வரை ஏறியிருந்தது. அதன் கீழேதான் குழந்தைகள் படுக்கின்றனர்.

கேரளக் கடற்கரையில் வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நெடுநாளைய வழக்கம். கொல்லத்து முந்திரி ஆலைகளில் பருப்பை எடுத்தபின் எஞ்சும் ஓட்டிலிருந்து கிடைப்பது இது. நாஞ்சில் நாட்டார் கொல்லாங்கொட்டை என்பர். நாமும் ஒரு தகரம் வாங்கினோம்.

செய்முறை எளிது. மண்வரியைச் சுரண்டி, உளுத்த பகுதியைச் செதுக்கி நீக்குக. மரம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஆதலால் தை, மாசியே தக்க காலம். எண்ணெய்ப் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்குக. நெருப்பை அணைத்து அப்பால் வந்தபின்னரே, இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலக்குக. வெட்டுமுனைகளும் சுவருக்குள் புகும் பகுதிகளுமே ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுவன. அங்கே மும்முறை பூசுக. ஒவ்வொரு பூச்சும் உலரச் சில நாட்களாகும். மண்ணுக்குள் கறையான் புற்றிருந்தால் அதனை இப்பூச்சு அழிக்காது. அதனைத் தனியே தோண்டி எடுத்தல் வேண்டும்.

இனி நமது மடமையைச் சொல்லவேண்டும். வெறுங்கையால், துணிகொண்டு தேய்த்தோம். மறுநாள் விரலிடுக்கெல்லாம் கொப்புளம்! ஒரு வாரம் அலுவலகத்தில் பேனா பிடிக்க இயலவில்லை. சேங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் உதட்டைச் சுடுவதும் இதே இனத்து வினைதான். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இன்றி இதனைத் தொடற்க. தொட்டில், சமையற்பலகை, பிள்ளைகள் வாய் வைக்கும் எதற்கும் பூசற்க.

ரயில்வேயில் இருப்பதால் ஒன்று கூறுவோம். தண்டவாளத்தின்கீழ் மரக்கட்டைகள் கிடந்த காலத்தில் அவற்றிற்குக் கிரியோசோட்டு ஊட்டினர். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்பார் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைச் சேர்த்து ஒரு மருந்து கண்டார், உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். வீட்டில் கலக்கத் தக்கதன்று. அமெரிக்காவில் வீட்டு மரங்களுக்கு அதனை ஊட்டுவது 2003 இறுதியோடு நின்றது.

நமது கைமரங்கள் இப்போது கருத்துப் பளபளக்கின்றன. வாடை அடங்கும்வரை பிள்ளைகளைத் திண்ணையறையில் படுக்கவைத்திருந்தோம். கதவுநிலையின் அடியை மட்டும் தச்சர் ஒரு முழம் வெட்டி, பலாக்கட்டை ஒட்டித் தந்தார்.