கூதிர்காலமும் நூல்நிலையமும்

ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலத்துக்கு உரிய திங்கள்கள். மேலை நாடுகளில் இப்பருவத்தில் மரங்கள் இலையுதிர்க்கும். தமிழ்நாட்டிலோ இது மழைப்பருவம். வங்கக் கடலின்மேல் வடகிழக்குக் காற்று எழும், கருமுகில்கள் கரையேறும், ஏரிகளும் குளங்களும் நிரம்பும். வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த காஞ்சிபுரம், தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெறுகின்றது.

உழவர்க்கு இம்மழை வாழ்வு தருவது. காஞ்சியின் நெசவாளர்க்கோ இது கவலையும் தருவது. பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் நெசவாளர் வீடுகள் நெருங்கியுள்ளன. பல வீடுகளில் தறி, தரையில் தோண்டிய குழியின்மேல் அமைந்திருக்கும். நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிகளை மிதிப்பார். பெருமழை பெய்தால் தரையில் நீர் ஊறும். சில வீடுகளில் தறிக்குழியே நீர்க்குழியாகிவிடும். பாவு நூலைத் தெருவில் நீள விரித்து, இழைகளைச் சீராக்கி, கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்துதல் நெசவுக்கு முந்திய தொழில். வெயில் இல்லையேல் அத்தொழில் நடவாது. பாவு இல்லையேல் தறி ஓடாது. நெய்த புடவைக்குக் கூலி பெறும் குடும்பத்தில், தறி நின்ற நாள் கூலியற்ற நாளே ஆகும்.

அவ்வாறு தறி ஓய்ந்த நாளில் பொழுது வீணே கழிய வேண்டுமா? வேண்டுவதில்லை. கட்டணம் கேளாமலும், இன்னார் இனியார் என்று பாராமலும் திறந்திருக்கும் ஓர் இடம் ஊரில் உண்டு. அதுவே பொது நூல்நிலையம். கையில் நூல் இல்லாத நாளில், கண்ணுக்கு நூல் தரும் இடம் அது.

‘நூல்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஆடைக்கு ஆகும் இழையும் நூல். அறிவுக்கு ஆகும் ஏடும் நூல். இவ்வொப்புமை தற்செயலாக அமைந்ததன்று. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், தம் பாயிரத்தில் இதனை விளக்குகின்றார். சொற்களே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அவன் அறிவே கதிர். இவ்வாறு நூற்கப்படுவதே நூல் என்பது அவர் கருத்து. தச்சன் மரத்தின் கோணலை நீக்க நூல் பிடிப்பது போல, மாந்தர் மனத்தின் கோணலை நீக்குவது கல்வி நூல் என்றும் அவர் உரைக்கின்றார். பட்டு நூலால் புகழ்பெற்ற காஞ்சி, ஏட்டு நூலாலும் புகழ்பெற்ற ஊர் என்பது நினைக்கத்தக்கது.

பல்லவர் காலத்தில் காஞ்சியில் ‘கடிகை’ என்னும் உயர்கல்விக் கழகம் விளங்கிற்று. கதம்பர் குலத்தை நிறுவிய மயூரசர்மன், தன் ஆசிரியரோடு கல்வி பயில அங்கு வந்ததைக் கன்னட நாட்டின் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன அறிஞர் யுவான் சுவாங்கும் காஞ்சியைப் பற்றித் தம் குறிப்பில் எழுதியுள்ளார். எனினும் அக்காலக் கல்வி எல்லார்க்கும் எட்டியதன்று. ஏடுகள் மடங்களிலும் செல்வர் இல்லங்களிலும் புலவர் வீடுகளிலும் இருந்தன. தறியில் அமர்ந்து பட்டு நெய்தவரின் பிள்ளைகளுக்கு அவ்வேடுகளைத் தொடும் வாய்ப்பு அரிது. அண்மைக் காலத்திலும் காஞ்சித் தறிகளில் உதவியாளராகச் சிறுவர் பலர் அமர்த்தப்பட்டனர். புடவையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைத்து நெய்யும் ‘கோர்வை’ முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் துணையாள் ஒருவரும் வேண்டும். எழுத்தறிய வேண்டிய இளமை பலருக்கு அத்துணைப் பணியிலேயே கழிந்தது. அத்தகையோர்க்குப் பின்னாளில் கல்வி பெற ஒரு வழி வேண்டுமன்றோ? பொது நூல்நிலையம் அவ்வழியைத் திறந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூல்நிலையங்களுக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் சென்னை மாநிலமே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. வீட்டுக்கும் மனைக்கும் மக்கள் செலுத்தும் சொத்து வரியோடு சேர்த்து, நூலக வரியும் பெறப்படுகின்றது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு இன்று அவ்வாறு பெறப்படுவது. அப்பணமே மாவட்ட மைய நூலகமாகவும், கிளை நூலகமாகவும், ஊர்ப்புற நூலகமாகவும் உருப்பெறுகின்றது. ஆகவே நூல்நிலையத்தின் நூல்கள் எவரோ ஒருவர் இட்ட பிச்சையல்ல. ஓட்டு வீட்டில் தறி வைத்து வாழும் நெசவாளரும் அந்நூல்களுக்கு விலை கொடுத்தவரே. விலை கொடுத்த பொருளைப் பயன்படுத்தாமல் விடுதல் பேதைமை.

இச்சட்டம் உருவாக அடிப்படையிட்ட பேரறிஞர் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவார். கணித ஆசிரியராயிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகம் முழுவதும் ஏற்கப்பட்டவை. நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூல்நிலையம் வளரும் உயிர் போன்றது. இவையே அவற்றின் சாரம்.

வாசகர் நூலைத் தேடி வர இயலாவிட்டால், நூல் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதற்கும் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபை அவ்வண்டியை அமைத்தார். அரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். எருதுகள் இழுக்க, அலமாரிபோல் அடுக்கிய நூல்களோடு அவ்வண்டி சிற்றூர்களுக்குச் சென்றது. அதனைத் தொடங்கியதும் மழைப்பருவமே என்பது குறிப்பிடத்தக்கது.

கூதிர்காலம் நூல்நிலையத்துக்கு விழாக்காலமும் ஆகும். புரட்டாசி அல்லது ஐப்பசியில் நவராத்திரி வரும். காமாட்சியம்மன் கோயிலில் அவ்விழா சிறப்புறும். கலைமகள் பூசையன்று வீடுகளில் நூல்களையெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து, அடுக்கி, பொட்டிட்டு வணங்குவர். நெசவாளர் தம் தறியையும் நாடாவையும் அவ்வாறே போற்றுவர். இழையாகிய நூலும் ஏடாகிய நூலும் ஒரே நாளில் வணங்கப்பெறுதல் காஞ்சிக்குப் பொருத்தமான காட்சி. மறுநாள் விசயதசமி. சிறுவர்க்கு எழுத்தறிவிக்கத் தொடங்கும் நாள் அது. நூல்நிலையத்தில் உறுப்பினராகச் சேரவும் அதனினும் நல்ல நாள் வேறில்லை.

தீபாவளியை ஒட்டி இதழ்கள் பல சிறப்பு மலர்களை வெளியிடும். விலை மிகுந்த அம்மலர்களை ஒவ்வொரு வீட்டிலும் வாங்க இயலாது. படிப்பகத்தின் மேசையில் ஒரு மலரைப் பலர் மாறி மாறிப் படிப்பர். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்திய நூலகச் சங்கத்தின் முயற்சியால் 1968 முதல் அது நாடெங்கும் கொண்டாடப்படுகின்றது. அவ்வாரத்தில் நூற்கண்காட்சிகள் நடைபெறும். மாணவர்க்குக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் அமையும். வாசகர் வட்டத்தார் கூடி நூல்களை ஆராய்வர். ரூபாய் 1,000 நன்கொடை அளிப்போர் ‘புரவலர்’ எனப் பெயர் பெறுவர்.

இப்பருவத்தில் எவற்றைப் படிப்பது என்று மாணவர் வினவலாம். பருவத்துக்கேற்ற நூல்கள் தமிழில் பல உள. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்காலத்தையே ஓவியமாகத் தீட்டுவது. வெள்ளத்துக்கு அஞ்சி ஆயர் மந்தைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்று தீக்காய்தலையும், வேனிலில் விசிறிய விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் படியத் தொங்குதலையும், சந்தனக் கல் பயனின்றிக் கிடத்தலையும் அதில் காணலாம். சன்னலுக்கு வெளியே மழை பெய்யும்போது அதனைப் படிப்பவர்க்கு, பல நூற்றாண்டுக்கு முந்திய மழையும் அதனோடு சேர்ந்து பெய்வதுபோல் தோன்றும். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது பெரும்பாணாற்றுப்படை. அதில் தம் ஊரின் பழமையை மாணவர் காண்பர். ஐப்பசியில் கந்தசட்டி வரும். 10,000க்கு மேற்பட்ட பாடல்களையுடைய கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்திலேயே பாடி அரங்கேற்றினார் என்பது மரபு. காஞ்சியில் பிறந்த அந்நூல் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் ஓதிப் பொருள் சொல்லப்பட்டது. ஓர் ஊரின் நூல் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இது சான்று.

மழைக்காலத்தில் நூல்களுக்குப் பகையும் மிகுதி. ஈரம் ஏறிய தாளில் பூஞ்சணம் பூக்கும், பூச்சி அரிக்கும், சுவரை ஒட்டிய அலமாரியில் கரையான் ஏறும். ஆதலால் அலமாரியைச் சுவரினின்றும் சற்று விலக்கி வைத்தலும், மழை விட்ட வேளையில் காற்றோட்டத்துக்குச் சன்னல்களைத் திறத்தலும், நூல்களை அடிக்கடி எடுத்துத் தூசி தட்டுதலும் வேண்டும். முன்னோர் ஓலைச்சுவடிகளுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றிக் காத்தனர். காவாத சுவடிகள் செல்லரித்துப் போயின. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியபோது அழிந்தன போக எஞ்சியவையே அவருக்குக் கிடைத்தன. எடுத்துப் படிக்கப்படும் நூலில் பூச்சி எளிதில் தங்காது. எவரும் தொடாத நூலே முதலில் அழியும். எனவே நூலைக் காக்கச் சிறந்த வழி அதனைப் படித்தலே. நனைந்த கையால் தாளைத் தொடாமையும், இரவல் நூலை மழையில் நனையாமல் கொண்டு செல்லுதலும், குறித்த நாளில் திருப்பித் தருதலும் படிப்போரின் கடமைகள். ஒருவர் காலம் தாழ்த்தினால், அந்நூலுக்குக் காத்திருக்கும் மற்றொருவர் ஏமாறுவார்.

நூல்நிலையத்தின் பயனைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் காஞ்சியிலேயே தோன்றினார். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்த அறிஞர் அண்ணா, இளமையில் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னைக்குச் சென்று கல்லூரியில் பயின்றார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படிப்பதையே பழக்கமாகக் கொண்டார். எழுத்தாளராகவும் சொற்பொழிவாளராகவும் விளங்கி, 1967இல் முதலமைச்சரானார். ‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ என்னும் வானொலிப் பேச்சில், ஒவ்வோர் இல்லத்திலும் நூல்களுக்கு இடம் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 2010இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட பெரிய நூலகத்துக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் எனப் பெயரிட்டது பொருத்தமே.

மணிமேகலைக் காப்பியத்தில், மழையின்றிக் காஞ்சி பசியால் வாடியபோது, மணிமேகலை அமுதசுரபியோடு அங்கு வருகின்றாள். எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரத்திலிருந்து எல்லார்க்கும் உணவு அளிக்கின்றாள். நூல்நிலையமும் ஓர் அமுதசுரபியே. ஒருவர் படித்தமையால் நூலில் உள்ள அறிவு குறைவதில்லை. அடுத்தவர்க்கும் அது நிறைவாகவே கிடைக்கின்றது. ஆனால் ஏந்தும் கை இல்லையேல் அமுதசுரபியாலும் பயனில்லை. மழையால் தறி ஓய்ந்த நாளில், குடையைப் பிடித்துக்கொண்டு நூல்நிலையத்தின் படியேறும் சிறுவனும் சிறுமியும் அவ்வமுதசுரபியை நோக்கிக் கையேந்துகின்றனர். மழை விட்டதும் தெருவில் பாவு மீண்டும் விரியும். தறி மீண்டும் ஓடும். அதற்குள் அவர்கள் உள்ளத்திலும் ஒரு நூல் கோக்கப்பட்டிருக்கும்.