மலையைப் பார்க்கும் அச்சக லென்ஸ்

வண்ணப்படம் ஒன்றை அச்சில் ஏற்ற வேண்டுமானால் முதலில் அதை நிறம் நிறமாகப் பிரித்தாக வேண்டும். ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது பிராசஸ் கேமரா. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் அது. ஒரு முனையில் கண்ணாடி மூடிய பலகை. அச்சாக வேண்டிய ஓவியம் அதில் தட்டையாக அழுந்தியிருக்கும். நடுவில் லென்ஸ். மறுமுனை பல அச்சகங்களில் சுவரைத் தாண்டி இருட்டறைக்குள் இருக்கும். அங்கே காற்றை உறிஞ்சும் பலகை ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் பிடித்திருக்கும். இருபுறமும் ஆர்க் விளக்குகள் எரிய, சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை மாற்றி மாற்றி, ஒரே ஓவியத்திலிருந்து தனித்தனி நெகட்டிவ்கள் எடுப்பார்கள். பழைய சிவகாசி காலண்டர்களில் நாம் பார்த்த எத்தனையோ முருகன்களும் லட்சுமிகளும் இப்படிப் பிரிந்து, மறுபடி தாளில் ஒன்றுசேர்ந்தவர்கள்.

இந்த ஒன்றுசேர்தலில்தான் லென்ஸுக்குக் கடுமையான சோதனை. சாதாரண லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு அளவில் வரையும். சிவப்புப் பிம்பம் நீலப் பிம்பத்தைவிட ஓரிழை பெரிதாக இருந்தாலும் அச்சில் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. ஓரங்களில் நிறக்கோடு பிதுங்கும். ஆகவே மூன்று நிறங்களும் ஒரே தளத்தில் குவிய வேண்டும், மூன்றும் ஒரே அளவில் விழ வேண்டும், நடுப்பகுதியின் துல்லியம் மூலைவரை குறையக் கூடாது, நேர்கோடு வளையக் கூடாது என்றெல்லாம் பிராசஸ் லென்ஸுக்கு நிபந்தனைகள் இருந்தன. அப்போ ஆர்டார், அப்போ ரோனார், அப்போ நிக்கோர், ஜி கிளாரான் என்று இதில் பல குடும்பங்கள் உண்டு. இத்தனையும் கிடைப்பதற்காக அவை ஒன்றை விட்டுக்கொடுத்தன: வெளிச்சம். அகலத் திறந்தாலும் எஃப் 9, நீளமானவற்றில் எஃப் 11, அவ்வளவுதான். அசையாத ஓவியம், கண் கூசும் விளக்கு, எத்தனை விநாடியும் காத்திருக்கும் தொழிலாளி; வேகமான லென்ஸ் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

இவற்றில் ஆர்டாரின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பெர்லினில் இருந்த கெர்ஸ் நிறுவனத்தில் எமில் ஃபான் ஹோக் 1890களின் இறுதியில் உருவாக்கிய செலார் என்ற லென்ஸ்தான் அதன் முன்னோடி. நான்கே நான்கு வில்லைகள், நடுவில் ஒளி புகும் துளை, அதற்கு இப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு. வில்லைகளுக்கு நடுவே வெறும் காற்று. முன்பாதியைத் திருப்பி வைத்தால் பின்பாதி. பொருளும் பிம்பமும் ஒரே அளவில் இருக்கும்போது இந்தச் சமச்சீர் ஒரு பெரிய காரியம் செய்கிறது. முன்பாதி ஒரு நேர்கோட்டை வெளிப்பக்கமாக வளைத்தால் பின்பாதி அதே அளவு உள்பக்கமாக வளைத்து நிமிர்த்திவிடும், தராசின் இரு தட்டிலும் ஒரே எடைக்கல் வைத்ததுபோல. நிறத்துக்கு நிறம் அளவு மாறும் குறையும், மூலையில் புள்ளிகள் வால்முளைக்கும் குறையும் இதே வழியில் தாமாகவே ஒழிகின்றன. வடிவமைப்பவர் மிச்சமிருக்கும் குறைகளில் மட்டும் தம் முழு அறிவையும் செலுத்தலாம்.

இந்த லென்ஸ்களின் குழலில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். துளையிட்ட உலோகத் தகடுகளைச் செருகுவதற்கான வழி அது. 1858-இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ் முன்வைத்த முறை. படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து பிளாக் எடுக்கும்போது அந்தத் தகட்டில் உள்ள துளையின் வடிவமும் எண்ணிக்கையும் அச்சுப்புள்ளியின் வடிவத்தையே மாற்றிவிடும். இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார்: உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தாத்தா. பிரிட்டனிலிருந்து கருவிகளைத் தருவித்து 1895-இல் தொழிலைத் தொடங்கி, லண்டனில் வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் புள்ளிப்பட அச்சின் கணிதத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அச்சுக்கலையின் தலைமை அரங்கில் அவர் கட்டுரைகள் இடம்பெற்றதை நம் அறிவியல் வரலாற்றில் இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும்.

ஸ்கேனர் வந்ததும் பிராசஸ் கேமராக்கள் பழைய இரும்புக்குப் போயின. லென்ஸ்கள் மட்டும் தப்பின. 4×5, 8×10 அங்குலத் தனித்தாள் ஃபிலிமில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கலைஞர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். கைக்கெட்டும் தூரத்துத் தாளைப் பார்ப்பதற்கென்று செதுக்கிய லென்ஸ், மைல்கணக்கில் தள்ளி நிற்கும் மலையை எப்படித் துல்லியமாக வரையும்?

எந்த லென்ஸும் ஏதோ ஒரு தூரத்துக்கென்று இசைக்கப்பட்டது. பிராசஸ் லென்ஸுக்கு அந்தத் தூரம் குவிய நீளத்தின் இரண்டு மடங்கு. முன்னாலும் அதுவே, பின்னாலும் அதுவே. 600 மி.மீ. லென்ஸ் என்றால் ஓவியத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 2.4 மீட்டர். மலையை நோக்கித் திருப்பியதும் அந்தச் சமநிலை குலைகிறது, குறைகள் தலைகாட்டுகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றான கோளப்பிறழ்ச்சி (வில்லையின் ஓரத்தில் புகும் ஒளியும் நடுவில் புகும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறை), துளையின் விட்டத்தை முப்படியில் பின்பற்றுவது. எஃப் 9-லிருந்து எஃப் 22-க்கு மூடினால் துளையின் விட்டம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுருங்கும். கோளப்பிறழ்ச்சியால் வரும் மங்கல் சுமார் 15-இல் ஒரு பங்காகிவிடும். காற்றிடை விட்ட அந்த நான்கு வில்லை அமைப்பும் தூரம் மாறுவதை மற்ற பல அமைப்புகளைவிடப் பொறுத்துக்கொள்ளும்.

அப்படி மூடினால் ஒளி அலை வளைந்து வேறொரு மங்கலைக் கொண்டுவராதா? வரும். எஃப் 22-இல் ஒரு புள்ளி சுமார் 0.03 மி.மீ. அகலத்துக்குப் பரவும். 35 மி.மீ. ஃபிலிமை 16 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கினால் அந்தப் பரவல் அரை மில்லிமீட்டராகி உறுத்தும். 4×5 ஃபிலிமுக்கு அதே அளவு என்பது வெறும் நான்கு மடங்கு, 0.12 மி.மீ.தான். 8×10 நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அச்செடுப்பவர் எஃப் 45 வரை போனாலும் கண் குறை காணாது. பெரிய ஃபிலிம் மந்தமான லென்ஸைத் தாங்குகிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருத்தமாக அமைந்தது யாரும் திட்டமிட்டதல்ல, அதுதான் இதில் எனக்கு வியப்பு.

மந்தத்துக்கு நேரடியான பலனும் உண்டு. 300 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6 ஆக வேண்டுமானால் அதன் துளை 54 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். எஃப் 9-க்கு 33 மி.மீ. போதும். கண்ணாடி குறைகிறது, எடை குறைகிறது, ஷட்டரும் சிறிதாகிறது. முதுகில் கேமராவைச் சுமந்து மலையேறுபவர்கள் இந்த லென்ஸ்களை விரும்புவது இதனால்தான். பதிலுக்கு, கறுப்புத் துணிக்குள் தலைவிட்டு மங்கல் கண்ணாடியில் குவியம் பார்க்கும்போது எஃப் 5.6-இல் கிடைப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சமே கிடைக்கும்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் தெளிவாக வரையும் வட்டப் பரப்பு. ஓவியத்தை அதே அளவில் நகலெடுக்கும்போது ஃபிலிம் லென்ஸிலிருந்து இரண்டு குவிய நீளம் தள்ளி இருக்கும். மலைக்கு ஒரு குவிய நீளம்தான். தூரம் பாதியானால் வட்டமும் பாதி. 300 மி.மீ. அப்போ ரோனார் அச்சகத்தில் 528 மி.மீ. வட்டத்தை நிரப்பியது, மலையைப் பார்க்கையில் 264 மி.மீ.தான். 5×7 ஃபிலிமுக்கு அது தாராளம். 8×10 ஃபிலிமின் மூலைவிட்டமோ 310 மி.மீ.க்கு மேல். ஜி கிளாரானின் பிந்தைய வடிவம் ஆறு வில்லைகள் கொண்டது, பார்வைக் கோணம் அகலம், 240 மி.மீ. இருந்தாலே 8×10-ஐ நெருங்கிவிடும், நன்றாக மூடினால் எட்டியும்விடும். அதன் பல அளவுகளில் முன்பாதியையும் பின்பாதியையும் குழலிலிருந்து கழற்றி கோப்பால் ஷட்டரில் நேராகத் திருகிவிடலாம். முதன்முதலில் இந்த வழியில் இறங்குபவருக்கு நான் சொல்வது ஜி கிளாரானைத்தான்.

மற்றவற்றுக்கு ஷட்டர் பெரும் சிக்கல். அச்சகத்தில் விளக்கை ஏற்றி அணைப்பதே ஷட்டராக இருந்ததால் இந்த லென்ஸ்களில் ஷட்டரே கிடையாது. பழைய பத்திரிகையாளர் கேமராவான ஸ்பீட் கிராஃபிக்கில் ஃபிலிமுக்கு முன்னாலேயே துணி ஷட்டர் ஓடும், விநாடியில் 1000-இல் ஒரு பங்கு வரை. ஷட்டரில்லாத மொட்டை லென்ஸையும் அதில் மாட்டலாம். ரப்பர் குமிழை அழுத்தினால் காற்றால் திறக்கும் பேக்கர்டு ஷட்டர் உண்டு. ஒன்றுமில்லாவிட்டால் லென்ஸ் மூடி. ஃபிலிமுக்குப் பதில் போட்டோ பேப்பரையே வைத்து எடுப்பவர்களுக்கு அதுவே போதும்: ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டால், உச்சிவெயிலில் எஃப் 45-க்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல். மூடியைக் கையால் எடுத்து மூட அவகாசம் இருக்கிறது.

பிராசஸ் லென்ஸைப் போலவே கேமராவுக்கு வந்துசேர்ந்த என்லார்ஜர் லென்ஸின் கதை சற்று வேறு. நெகட்டிவிலிருந்து தாளுக்கு ஒளியை அனுப்புவது அதன் தொழில். ஒளி எந்த வழியாகப் போனதோ அதே வழியில் திரும்பவும் வரும் என்பதால், என்லார்ஜரைத் தலைகீழாக ஓட்டினால் அது கேமரா. 10 மடங்கு பெரிதாக்கும்போது 150 மி.மீ. லென்ஸ் நெகட்டிவிலிருந்து 165 மி.மீ. தள்ளி நிற்கும். மலையை எடுக்க 150-க்கு இறங்க வேண்டும். பிம்ப வட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 4×5 நெகட்டிவை மட்டாக மூடிக்கொண்டிருந்த லென்ஸ் இப்போது மூலைகளில் தடுமாறும். 180 அல்லது 210 மி.மீ. எடுத்தால் இந்தக் கவலை இல்லை.

எல்-நிக்கோர், ரோடாகன், கம்போனான் எஸ் போன்ற என்லார்ஜர் லென்ஸ்களின் பிந்தைய மாதிரிகளில் எஃப் எண்ணை இருட்டறையில் ஒளிரச் செய்ய ஒரு சிறு சாளரம் இருக்கும். என்லார்ஜரில் உள்ளிருந்து வெளியே வந்த வெளிச்சம், கேமராவில் வெளியிலிருந்து உள்ளே புகுந்து ஃபிலிமைக் கெடுக்கும். கறுப்பு டேப் ஒட்டாமல் ஒரு படமும் எடுக்கக் கூடாது. அதே சமயம் இந்த லென்ஸ்களுக்குள் அரிய நுணுக்கம் ஒன்றும் இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் தாள் நீலத்தையும் ஊதாவையும்தான் முக்கியமாக உணரும். குவியம் பார்க்கும் கண்ணோ மஞ்சளையும் பச்சையையும். இரண்டும் வேறிடத்தில் குவிந்தால் அச்சு மங்கும். அதனால் எல்-நிக்கோரில் 380 முதல் 700 நானோமீட்டர் வரை நிறப்பிழை திருத்தப்பட்டது. பூக்களின் மேல் நம் கண்ணுக்குத் தெரியாமல் தேனீக்கள் காணும் கோலங்களைப் புற ஊதா ஒளியில் பதிவுசெய்பவர்கள் பழைய உலோகக் குழல் 80 மி.மீ. எல்-நிக்கோரைத் தேடுவது இதனால்தான்.

எனினும் என்லார்ஜர் லென்ஸின் முழுத் திறமையும் வெளிப்படுவது மலையில் அல்ல, மிகச் சிறியவற்றில். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டி, கேமராவின் துருத்தியை 300 மி.மீ. இழுத்தால் ஐந்து மடங்கு உருப்பெருக்கம்; 20×25 மி.மீ. பரப்பு 4×5 ஃபிலிமை முழுதாக நிரப்பிவிடும். எஃப் 4-இல் வைத்தாலும் அந்த நீட்டிப்பில் அது எஃப் 24 போலத்தான் வேலை செய்யும். ஆகவே மேலும் மூடாமல் 36 மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். லென்ஸுக்கு இதில் புதிய வேலை எதுவுமில்லை. என்லார்ஜரில் நெகட்டிவ் இருந்த இடத்தில் இப்போது ஒரு வண்ணத்துப்பூச்சியின் சிறகு இருக்கிறது, தாள் இருந்த இடத்தில் ஃபிலிம்.