பூச்சுத் தந்தியும் வெறுந்தந்தியும்

கித்தார் வாங்கப் புகுவோர் அதன் மரத்தையும் வடிவையும் ஆராய்வரேயன்றித் தந்திகளை ஆராய்வார் சிலரே. எஃகுத் தந்தி பூண்ட கித்தாருக்குத் தந்திகள் ஆறு. அவற்றுள் மெலிந்த இரண்டும் வெறும் எஃகுக் கம்பிகள்; ஏனைய நான்கும் எஃகுக் கம்பியின்மீது வெண்கலக் கம்பியை நெருங்கச் சுற்றியவை. அச்சுற்றின் இடைவெளிகளிலேதான் தொல்லை பிறக்கிறது.

வாசிப்போன் விரலிலுள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோற்றுகளும் அவ்விடைவெளிகளிற் சென்று தங்குகின்றன. தந்தியின் எடை ஓரிடத்து மிக்கும் ஓரிடத்துக் குறைந்தும் போதலால் அதிர்வின் ஒழுங்கு கெடும். மூல ஒலியுடன் எழும் நுண்ணிய மேலொலிகள் முதலில் மடியும். பின்னர்ச் சுருதியும் பிசகும். புதுத்தந்தியின் கணீரென்ற ஓசை சில வாரங்களில் மழுங்கிப்போவது இதனாலேயாம்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே பூச்சுத் தந்தி. 1969இல் அமெரிக்கராகிய பாப் கோர் என்பவர், டெஃப்ளான் என்னும் பொருளைச் சூடேற்றிச் சட்டென இழுத்தால் அது நுண்டுளைகள் நிறைந்ததாக விரிதலைக் கண்டார். மழைக்கோட்டுகளுக்குப் பயன்பட்ட அப்பொருளையே அவருடைய நிறுவனத்தார் 1990களில் தந்தியின்மேற் போர்த்து, எலிக்சர் என்னும் பெயரால் விற்கலாயினர். இம்முறையில் சுற்றின் இடைவெளிகளும் மூடப்படுகின்றன. வேறு சிலர் சுற்றுக்கம்பிக்கு முதலிற் பூச்சிட்டுப் பின்னரே சுற்றுவர். அதனாற் கறுத்தல் தடைப்படுமேயன்றி அழுக்குப் புகுதல் முற்றும் தடைப்படாது.

ஆயின் அழுக்கைத் தடுக்கும் அப்போர்வை தானும் ஒரு சுமையன்றோ? அதிர்வை அது சிறிது அடக்கவே செய்யும். புத்தம் புதிய வெறுந்தந்தியின் பளிச்சென்ற ஒலியைப் பூச்சுத் தந்தி எட்டுவதில்லை என்பாருளர். என் செவிக்கும் அவ்வாறே தோன்றுகிறது. விரலின் கீழ் வழுக்குவதும் சிலர்க்குப் பிடிப்பதில்லை. விலையோ ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே இசைப்பதிவின் பொருட்டு அடிக்கடி தந்தி மாற்றுவோர்க்கு வெறுந்தந்தியே தகும்.

எங்கள் விடுதியின் நிலை வேறு. கித்தார் ஒன்று, தொடுங் கைகளோ பல. சிற்றுண்டி உண்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே அதை எடுப்பாருமுளர்! வெறுந்தந்தி அங்கே ஒரு திங்கள் தாங்கியதில்லை. சென்ற ஆண்டில் நால்வர் பணஞ் சேர்த்துப் பூச்சுத் தந்தி வாங்கினோம். நான்கு திங்களாகியும் தடித்த தந்திகளின் ஒலி கெடவில்லை. மீட்டுமிடத்தில் மட்டும் பூச்சு உரிந்து இழையிழையாய்த் தொங்கிற்று. எனினும் முதல் தந்தி இரண்டாந் திங்களிலேயே அறுந்தது. பூச்சு அழுக்கை விலக்குமேயன்றி இழுவிசையைக் குறைப்பதில்லை. அம்மெல்லிய தந்தி கடையில் தனியாகவும் கிடைக்கும். இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.