உடைந்த கல் எப்படிப் பேசுகிறது?
கிரேக்கக் கல்வெட்டியல்: செயல்முறையும் படிப்பு வாய்ப்புகளும்

வழிவழியாக வந்த சாம்பார்க் குறிப்பு ஒன்று ஒரு வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளின் வலது ஓரம் முழுக்கக் கிழிந்துவிட்டது. ஒவ்வொரு வரியும் பாதியில் நிற்கிறது. ‘துவரம்…’ என்று ஒரு வரி. ‘எலுமிச்சை அளவு பு…’ என்று அடுத்த வரி. ‘கடுகு, வெந்தயம், பெருங்…’ என்று கடைசி வரி. சமைக்கத் தெரிந்தவர் தடுமாறவே மாட்டார். பருப்பு, புளி, காயம் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் ‘நறுக்கிய…’ என்று முடியும் வரிக்கு வந்ததும் அவரும் நின்றுவிடுவார். சாம்பாரில் எந்தக் காயும் போடலாமே! எழுதியவர் அன்று எதைப் போட்டார்?

பழங்கிரேக்கக் கல்வெட்டைப் படிப்பவரின் வேலை கிட்டத்தட்ட இதுதான். நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கக் கல்வெட்டுகள் லட்சத்தைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை உடைந்தவை, தேய்ந்தவை, பிற்காலத்தில் வேறு கட்டடங்களுக்குக் கல்லாகப் போனவை. அவற்றில் எதை உறுதியாக நிரப்பலாம், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைக் கற்றுத்தரும் படிப்பே கிரேக்கக் கல்வெட்டியல்.

முதல் படி: ஈரக் காகிதம்

தமிழகத்தில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கிரேக்கக் கல்வெட்டுகளுக்குப் பெரும்பாலும் மை தொடாமலே படி எடுக்கிறார்கள். கல்லைத் துடைத்து, தடித்த வடிதாளை நனைத்து அதன்மேல் விரித்து, விறைப்பான தூரிகையால் சீராகத் தட்டுகிறார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. காய்ந்ததும் உரித்தெடுத்தால் பின்பக்கத்தில் எழுத்துகள் புடைத்து நிற்கும், இடம் வலமாக மாறி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கல்லில் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட நிழல் காட்டும்.

இந்தப் படிகளால் இரண்டு நன்மை. ஏதென்ஸில் இருக்கும் கல்லை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உட்கார்ந்து படிக்கலாம். அங்குள்ள உயராய்வு நிறுவனத்தில் ஏறத்தாழ 30,000 படிகள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டிலும் பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. அடுத்து, படி எடுத்தபின் கல் சிதைந்தாலும் தொலைந்தாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும். இப்போது பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி எடுக்கும் படங்களும் முப்பரிமாண வருடலும் இதோடு சேர்ந்திருக்கின்றன.

இரண்டாம் படி: வாய்பாடு

சாம்பார்க் குறிப்பில் தாளிப்பு முதல் வரியில் வராது. அதைப் போலவே ஏதென்ஸ் நகரத் தீர்மானங்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ‘மன்றமும் மக்களும் முடிவு செய்தனர்’ என்பது தொடக்கம். அந்த முறை எந்தக் குலப் பிரிவு மன்றத்தை நடத்தியது, செயலர் யார், தலைமை வகித்தவர் யார், தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்பவை அடுத்தடுத்து வரும். தீர்மானத்தின் உள்ளடக்கம் அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசை மனப்பாடமாக இருப்பவருக்குக் கல்லில் நாலைந்து எழுத்து கிடைத்தாலே போதும், நிற்பது எந்த இடம் என்று தெரிந்துவிடும். வாய்பாடாக வரும் சொற்களை நிரப்பிவிடலாம். செயலரின் பெயரை? அது நறுக்கிய காயைப் போன்றது. வேறு சான்று இல்லாமல் அதை நிரப்ப வழியில்லை.

மூன்றாம் படி: கட்டத்தை எண்ணுவது

அந்தச் சமையல் குறிப்பு கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதப்பட்டிருந்தால்? ‘நறுக்கிய’ என்பதற்குப் பின் ஐந்து கட்டம்தான் காலி என்றால் வெண்டைக்காயும் பூசணிக்காயும் அடங்காது. முள்ளங்கி சரியாகப் பொருந்தும். ஏழு கட்டம் காலி என்றால் முருங்கைக்காயும் பொருந்தும், கத்தரிக்காயும் பொருந்தும். அங்கே முடிவு சொல்ல முடியாது.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டு முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை கிரேக்கச் சிற்பிகள் பல கல்வெட்டுகளை இப்படியே பொறித்தார்கள். எழுத்துகள் நேர் வரிசையிலும் நேர் நிரலிலும், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் நிற்கும். இதற்கு ‘ஸ்டொய்க்கெடன்’ என்று பெயர். ஒரு வரி முழுதாகக் கிடைத்துவிட்டால், மற்ற வரிகளில் எத்தனை எழுத்து காணாமல் போயிருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸில் பத்துக் குலப் பிரிவுகள் இருந்தன. தீர்மானத்தில் பிரிவின் பெயர் வரவேண்டிய இடம் உடைந்திருக்கிறது. கிரேக்க எழுத்துக் கணக்கில் பத்து இடம் காலி என்றால் அது ‘ஹிப்பொதொன்டிஸ்’ மட்டுமே. அந்தப் பட்டியலில் வேறெந்தப் பெயருக்கும் பத்தெழுத்து கிடையாது. ஏழு எழுத்து என்றால் ‘லியொன்டிஸ்’, ‘ஐயன்டிஸ்’ இரண்டும் பொருந்தும். ஆறு என்றால் ‘ஐகெயிஸ்’, ‘ஒய்னெயிஸ்’ இரண்டும் நிற்கும். அப்போது நேர்மையான பதிப்பாசிரியர் இரண்டையும் குறித்துவிட்டு நகர்வார்.

இங்கே எழுத்து வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். ஏதென்ஸ் கி.மு. 403/2-இல்தான் அயோனிய நெடுங்கணக்கை முறைப்படி ஏற்றது. அதற்கு முந்தைய அரசாணைகளில் பொதுவாக ‘ஒமேகா’ கிடையாது, ‘க்சி’ என்ற ஓரெழுத்தின் இடத்தில் இரண்டெழுத்து வரும். அதனால் ‘மன்றமும் மக்களும் முடிவு செய்தனர்’ என்ற அதே தொடர் பழைய எழுத்தில் 26 இடம் பிடிக்கும், புதிய எழுத்தில் 25. ஓர் இடம் பிசகினால் வரி முழுக்கச் சரிந்துவிடும்.

நான்காம் படி: கண்டதும் கருதியதும்

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிர்நாடி இந்தப் படிதான். 1931-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடிய அறிஞர்கள், கல்வெட்டைப் பதிப்பிக்கும்போது பயன்படுத்த வேண்டிய குறிகளை வகுத்தார்கள். கல் உடைந்து போனதால் பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்துகள் சதுர அடைப்புக்குள் வரும். கல்லில் சுருக்கி எழுதியதை விரித்தால் பிறை அடைப்பு. அரைகுறையாகத் தெரியும் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. பழங்காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழித்த பகுதிக்கு இரட்டைச் சதுர அடைப்பு.

நம் குறிப்பை அந்த முறைப்படி பதிப்பித்தால் ‘துவரம்[பருப்பு]’, ‘பு[ளி]’, ‘பெருங்[காயம்]’ என்று அச்சாகும். ‘நறுக்கிய [–––]’ என்ற வரி கோடுகளோடு நின்றுவிடும். படிக்கும் எவரும் எது தாளில் இருந்தது, எது பதிப்பாசிரியர் மனத்தில் இருந்தது என்று ஒரே பார்வையில் பிரித்துவிடலாம். சதுர அடைப்புக்குள் இருப்பதை ஆதாரமாக வைத்து வரலாறு எழுதக் கூடாது என்பது ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை.

இரண்டே எழுத்து, நாற்பது ஆண்டு

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கல் சாட்சி. ஏதென்ஸ் நகரம் சிசிலித் தீவின் எகெஸ்டா நகரத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைக் கல் அது. ஏதென்ஸில் ஆண்டுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டின் ஆர்க்கன் என்ற அதிகாரியின் பெயர்தான் ஆண்டின் பெயர். இந்தக் கல்லில் ஆர்க்கன் பெயரின் கடைசி இரண்டெழுத்தான ‘ஒன்’ மட்டுமே தெளிவாக எஞ்சியது. ‘ஹப்ரொன்’ என்று படித்தால் கி.மு. 458/7. ‘அன்டிஃபொன்’ என்று படித்தால் கி.மு. 418/7.

கல்லில் ‘சிக்மா’ எழுத்து மூன்று கோடுகளால் ஆன பழைய வடிவத்தில் இருந்தது. அந்த வடிவம் கி.மு. 446 வாக்கில் வழக்கொழிந்தது என்று அறிஞர்கள் பொதுவாக நம்பியிருந்ததால், முந்தைய தேதியே நிலைத்தது. ஹெரால்டு மேட்டிங்லி என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1960-களிலிருந்து இந்த எழுத்து அளவுகோலையே எதிர்த்து வாதாடினார். பல ஆண்டுகள் அவர் கிட்டத்தட்டத் தனி ஆள். 1990-இல் சேம்பர்ஸ், கலூச்சி, ஸ்பானோஸ் ஆகிய மூவர் லேசர் ஒளியையும் படத் துலக்கத்தையும் பயன்படுத்தி, ‘அன்டிஃபொன்’ என்ற வாசிப்பை வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள்.

விளைவு ஒரு கல்லோடு நிற்கவில்லை. கி.மு. 415-இல் ஏதென்ஸ் சிசிலிமேல் படையெடுத்ததற்குச் சற்று முந்தையது இந்த உடன்படிக்கை என்றாயிற்று. அதே அளவுகோலை வைத்துத் தேதி குறித்த மற்றக் கல்வெட்டுகளையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. ஏதென்ஸ் தன் கூட்டாளி நகரங்களை எப்போது இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது என்ற பெரிய கேள்வியே இதனால் அசைந்தது.

கணினி என்ன செய்கிறது?

2022-இல் டீப்மைண்ட் நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ‘இத்தாக்கா’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை ‘நேச்சர்’ இதழில் அறிமுகப்படுத்தினார்கள். விடுபட்ட எழுத்துகளை நிரப்புவதில் அது தனியாக 62 விழுக்காடு சரியாகச் சொன்னது. சோதனையில் பங்கேற்ற வரலாற்று அறிஞர்கள் தனியாக 25 விழுக்காடு. அறிஞர்கள் அதன் துணையோடு செய்தபோது 72 விழுக்காடு. ஆயிரம் சாம்பார்க் குறிப்புகளைப் படித்தவரைப் போலக் கருவி பட்டியல் தரும். எது இந்தக் கல்லுக்குப் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

எங்கே படிக்கலாம்?

முதல் தேவை மொழி. பழங்கிரேக்கம் தெரியாமல் இந்தத் துறையில் ஓரடி வைக்க முடியாது. ‘ரீடிங் கிரீக்’ போன்ற பாடநூல்களும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘பெர்சியஸ்’ மின்னூலகமும் வீட்டிலிருந்தே தொடங்க உதவும். பிறகு ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கும் அளவுக்காவது வேண்டும். லத்தீனும் தெரிந்தால் நல்லது. காரணம், அடிப்படைத் தொகுதிகளின் பழைய பாகங்கள் லத்தீன் விளக்கத்தோடு வந்தவை. 1815-இல் அகஸ்ட் பொய்க் பெர்லின் அறிவியல் கழகத்தில் தொடங்கிய தொகுப்புப் பணி, ‘இன்ஸ்கிரிப்ஷியோனஸ் கிரேக்கே’ என்ற பெயரில் இன்றும் அதே நகரில் நடக்கிறது. புதிதாகப் பதிப்பிக்கப்படும் கல்வெட்டுகளைத் திரட்டித் தரும் ‘சப்ளிமென்டும் எபிகிராஃபிகும் கிரேக்கும்’ 1923-இலிருந்து வருகிறது.

மூலப் பாடங்களைத் தேட பேக்கர்டு மானுடப் புலங்கள் நிறுவனத்தின் தரவுத்தளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. ஏதென்ஸ் கல்வெட்டுகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு படிக்க, ஸ்டீஃபன் லாம்பர்ட் 2012-இல் தொடங்கிய ‘அட்டிக் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆன்லைன்’ இருக்கிறது. கல்வெட்டைக் கணினிக்கு ஏற்பக் குறியிடும் ‘எபிடாக்’ முறைக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. கணினி தெரிந்த மாணவருக்கு இது நல்ல நுழைவாயில்.

நேரில் கற்க ஏதென்ஸ்தான் இடம். அங்குள்ள கல்வெட்டு அருங்காட்சியகத்தில் 13,000-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏதென்ஸ் பிரிட்டிஷ் பள்ளி முதுநிலை மாணவர்களுக்குக் கல்வெட்டுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. 1881-இல் தொடங்கிய அமெரிக்கப் பள்ளி, நகரின் பழைய சந்தைவெளியான அகோராவை 1931 முதல் அகழ்ந்துவருகிறது. அங்கே மாணவர்கள் தன்னார்வலர்களாகச் சேரலாம். ஒரு கல்லைத் தொட்டு ஆராய அருங்காட்சியகத்தின் முறையான அனுமதி வேண்டும்.

என்ன ஆராயலாம்?

வேலை இன்னும் மலைபோல் கிடக்கிறது. வெவ்வேறு இடங்களில் கிடைத்த துண்டுகள் ஒரே கல்லைச் சேர்ந்தவை என்று பொருத்துவது ஒன்று. சிற்பிகளின் கையெழுத்தை அடையாளம் காண்பது இன்னொன்று. ஸ்டீஃபன் டிரேசி எழுத்தின் வெட்டு முறையைப் பார்த்தே, பெயர் தெரியாத சிற்பிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். அதனால் தேதியில்லாத துண்டுகளுக்குக் காலம் கிடைத்தது. டெல்ஃபியில் அப்பொல்லோ கோயிலின் தாங்குசுவரில் அடிமைகளை விடுவித்த ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்த வரலாற்று நூலிலும் இடம் பெறாத மனிதர்களின் பெயர்கள் அங்கே கல்லில் நிற்கின்றன.

நம் பக்கத்து வாசலும் ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் அசோகரின் கிரேக்க–அரமேயக் கல்வெட்டு 1958-இல் வெளிப்பட்டது. 1963-இல் இன்னொரு கிரேக்கக் கல் கிடைத்தது. அதில் அசோகரின் 12-ஆம் கட்டளையின் இறுதியும் 13-ஆம் கட்டளையின் தொடக்கமும் உள்ளன. இந்த 13-ஆம் கட்டளையின் இந்தியப் படிகளில்தான் சோழர், பாண்டியர் பெயர்களும் அயலகக் கிரேக்க மன்னர்களின் பெயர்களும் சேர்ந்து வருகின்றன. பிராகிருதமும் பிராமி எழுத்தும் கிரேக்கமும் ஒருசேரத் தெரிந்த ஆய்வாளர்கள் அரிது. தமிழ்-பிராமி படித்து வளரும் நம் மாணவர்களில் சிலர் கிரேக்கத்தையும் கையிலெடுத்தால், அந்தக் குறை தீரும்.

ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கிரேக்க எழுத்துகள் 24-ஐயும் எழுதிப் பழகுங்கள். மொழிபெயர்ப்போடு ஓர் ஏதென்ஸ் தீர்மானத்தை எடுத்து, சதுர அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் மறைத்துவிட்டு, கல்லில் உண்மையாகவே இருப்பதை மட்டும் படியுங்கள். மறைத்த இடத்தில் என்ன வரும், ஏன் வரும் என்று நீங்களே காரணம் எழுதிப் பார்த்தால், கல்வெட்டியலின் முதல் பாடத்தை முடித்துவிட்டீர்கள்.