கொடியில் காயாத சட்டை

வட அயர்லாந்தில் பொலிஸ்காரரின் மனைவிமார் பலர் கணவனின் சீருடைச் சட்டையை வெளியே கொடியில் காயப்போடமாட்டார்கள். அயலில் யாராவது கண்டால் உயிருக்கு ஆபத்து. தகப்பனின் தொழிலைப் பாடசாலையில் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்கள். காலையில் காரை எடுக்குமுன் குனிந்து அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் வீட்டு வழக்கம்.

பிரித்தானியாவுடன் இருக்க விரும்பிய புரட்டஸ்தாந்தருக்கும் அயர்லாந்துடன் இணைய விரும்பிய கத்தோலிக்கருக்கும் இடையில் முப்பது வருடம் நீடித்த பகை அது. 1998 உடன்படிக்கை வரை ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். அவர்களில் 300 பேர் அளவில் பொலிஸார். அந்தப் படையில் கத்தோலிக்கர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தங்கள் படையாக அவர்கள் நினைக்கவுமில்லை. 2001இல் பொலிஸ் சேவையைப் புதிதாக அமைத்து, சேர்க்கப்படுவோரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். உடன்படிக்கையை ஏற்காத ஆயுதக் குழுக்களுக்கு இப்படிச் சேர்ந்த இளைஞர்களே முதல் இலக்கானார்கள்.

றோனன் கெர் அப்படிச் சேர்ந்தவர். கத்தோலிக்கர், வயது 25. பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. சட்டசபைத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்க, 2011 ஏப்ரல் 2ஆம் திகதி, ஓமா நகரில் வீட்டுக்கு வெளியே அவரது காரின் அடியில் பொருத்தியிருந்த குண்டு வெடித்து இறந்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு யார் யாரோ வருவார்கள். அந்தச் சாவுக்குத் தங்கள் தேவைப்படி அர்த்தம் சொல்வார்கள். இதை எங்கள் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்தத் தாய் முந்திக்கொண்டார். பிரேதம் அடக்கம் செய்யப்படுமுன்னரே பகிரங்கமாகப் பேசினார். கத்தோலிக்கப் பிள்ளைகள் இதற்குப் பயந்து பொலிஸில் சேராமல் விடக்கூடாது, அந்த இருண்ட நாட்களுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை என்றார். மகனின் சாவைப் பழிவாங்கலுக்கு எடுக்க எவருக்கும் அவர் இடம் வைக்கவில்லை. அழுகையை அடக்கிய வீரத்தாய் என்று இதைப் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. அழுதுகொண்டும் இதைச் சொல்லலாம்.

கத்தோலிக்கர் மத்தியில் செல்வாக்குள்ள கேலிக் விளையாட்டுச் சங்கம் 2001 வரை பொலிஸாரை அங்கத்தவராகச் சேர்த்ததில்லை. அந்தச் சங்கத்தினரும் சீருடைப் பொலிஸாரும் றோனனின் சவப்பெட்டியை மாறிமாறிச் சுமந்தார்கள். புரட்டஸ்தாந்தரான முதலமைச்சர் பீற்றர் றொபின்சன் திருப்பலிக்கு வந்திருந்தார். அவருடைய கட்சியில் அது சின்ன விடயமல்ல.

2023 ஓகஸ்டில் பொலிஸ் சேவையில் பணிபுரிவோர் ஏறத்தாழ 10,000 பேரின் பெயர் விபரம் தவறுதலாக இணையத்தில் வெளியானது. குடும்பங்களிடம் தொழிலை மறைத்து வைத்திருந்தவர்களின் பெயர்களும் அதில் இருந்தன.