முதுகு ஊசியா, முழு மயக்கமா?

தூத்துக்குடி உப்பளத்தில் காலமெல்லாம் உப்பு வாரிய ஆச்சி, மூட்டு மாற்றச் சொன்னதும் கேட்பது இதைத்தான்: “முழுசா மயக்கிருவியளா ஐயா?”

பெரும்பாலும் வேண்டியதில்லை. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் செய்துகாட்டிய முதுகு ஊசியே போதும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே மெல்லிய ஊசியைச் செலுத்தினால் தண்டுவட நீர் துளிர்க்கும். இரண்டு மூன்று மில்லி பியூபிவகெயின் உள்ளே போனதும் கால் சூடாகி, கனத்து, மரத்துவிடும். ஆள் விழித்தே இருப்பார்.

மருந்து மேலேறி மூச்சைத் தடுக்காதா? அதற்காகவே குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கியிருக்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லோடு மூழ்கியதுபோல, மருந்தும் தாழ்ந்த பக்கமே இறங்கும். மேசையைச் சாய்த்தே அதை ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம், கவனித்துச் சரிசெய்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் முன்பே சொல்லியாக வேண்டும். ஊசி இறங்கிய இடத்தில் ரத்தம் கட்டினால் நரம்பு நசுங்கும். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கமே.

அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்தவர்களிடம் நடத்தி 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், 60 நாளில் நடக்கும் திறனிலும் உயிர்பிழைப்பிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. விழித்திருக்கச் சம்மதம், ஆனால் அறுவையின்போது கேட்கும் சுத்தியல் சத்தம் ஆகாது என்பவர்களுக்கு, முதுகு ஊசியோடு லேசான தூக்கமருந்தும் கொடுப்பார்கள்.