வளைந்த முள்ளந்தண்டும் ஓராண்டு நோன்பும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் வாய்மொழி. ஐந்திலோ பதினைந்திலோ வளைந்துவிட்ட ஒன்றை ஐம்பதில் நிமிர்த்தலாமோ என்னும் வினாவை அவர்கள் எழுப்பினாரல்லர். இக்கால வைத்திய நூல் அவ்வினாவையும் எழுப்பி, நிமிர்த்தலாம், ஆயினும் அதற்கு ஒரு விலையுண்டு என விடையும் பகர்கின்றது. அவ்விலை பொருளால் மட்டும் செலுத்தப்படுவதன்று. ஏறத்தாழ ஓராண்டுக் காலப் பொறுமையே அதன் பெரும்பகுதி. முள்ளந்தண்டின் பக்கவளைவுக்காக முதிர்ந்த வயதிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் தேறும் வகையினை இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். கல்லூரியை விட்டு நெடுநாளாகி, குடும்பத்தையும் தொழிலையும் தோளிற் சுமந்து நிற்கும் பழைய மாணவர்க்கும், அன்னாரைப் பேணும் இல்லத்தார்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

நமது முள்ளந்தண்டிலே கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 தனி என்புகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. முதுகுப்புறமாக நின்று நோக்குங்கால் அவ்வடுக்கு நேர்கோடாய்த் தோன்றுதல் இயல்பு. அது பக்கமாக வளைந்து, வளைந்த இடத்தில் முறுக்கும் கொண்டு நிற்குமாயின் அதனை ஸ்கோலியோசிஸ் என்பர். கோணல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் 1948 ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் அவ்வளைவு பாகைக் கணக்கில் அளக்கப்படுகின்றது. 10 பாகையும் அதற்கு மேலும் வளைந்திருப்பின் நோயெனக் கொள்ளப்படும்.

முதிர்ந்தோரிடத்துக் காணப்படும் வளைவு பெரும்பாலும் இருவகைப்பட்டது. இளமையிலே தோன்றி, உடலோடு வளர்ந்து, முதுமையிலும் தொடர்வது ஒன்று. என்புகளிடையே உள்ள தட்டுகளும் பொருத்துகளும் தேய்வதனால் நடுவயதின் பின் புதிதாய் விளைவது மற்றொன்று. இளமையில் வருவதற்குப் புத்தகப் பையின் பாரமோ, வாங்கிற் கோணலாய் இருந்தமையோ காரணமன்று; ஆகவே பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மார்புப் பகுதியின் வளைவு 50 பாகையைக் கடந்துவிடின், உடல் வளர்ச்சி நின்ற பின்பும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கூடிச் செல்லுதல் உண்டு. இருபது வயதில் நோவின்றி உலவியவர் நாற்பத்தைந்தில் நோவோடு வைத்தியரை நாடுவதன் காரணம் இதுவே. வளைவுடைய அனைவர்க்கும் சத்திரசிகிச்சை வேண்டியதன்று. தேகப்பயிற்சியாலும் மருந்தாலும் பலர் காலங்கழிக்கின்றனர். நோவு தணியாமையும், வளைவு மிகுதலும், உடல் ஒருபாற் சாய்தலும், காலுக்குச் செல்லும் நரம்பு நெருக்குண்ணலும் ஆகிய நிலைகளிலேயே கத்தியைப் பற்றிய பேச்சு எழும்.

அச்சிகிச்சையின் உட்கருத்தை யாழ்ப்பாணத்து மாந்தோப்பைக் கண்டவர்க்கு விளக்குதல் எளிது. ஒட்டுமாங்கன்று கட்டுபவன் இரு தண்டுகளைச் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்து, அசையாவண்ணம் இறுகக் கட்டுகின்றான். கட்டு என்பது ஒட்டு அன்று. கட்டு அசைவைத் தடுக்கும், ஒட்டவேண்டியவை தண்டுகளே. சத்திரவைத்தியரும் இவ்வாறே வளைந்த பகுதியின் என்புகளுட் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றை உலோகக் கோல்களாற் பிணைத்து நிமிர்த்துகின்றார். பின்னர், என்புகளிடையே உள்ள சிறு பொருத்துகளின் வழுவழுப்பான பரப்பை நீக்கி, நோயாளியின் உடலிலிருந்தோ பிறர் வழங்கியதிலிருந்தோ எடுத்த என்புத்துண்டுகளை அங்கே பரப்பிவிடுகின்றார். இவ்வளவே வைத்தியர் செய்வது. பல என்புகளை ஒரே என்பாக வளர்த்தெடுக்கும் வேலையை நோயாளியின் உடலே செய்தல் வேண்டும்.

இவ்வுண்மை கற்றோர்க்கும் எளிதிற் புலப்பட்டதன்று. ரசல் ஹிப்ஸ் என்பார் 1911 இல் நியூயோர்க் நகரில், காசநோயால் அழிந்த முள்ளந்தண்டை என்பொட்டு முறையால் உறுதிப்படுத்தினார். 1914 இல் அம்முறையைப் பக்கவளைவுக்கும் கையாண்டார். அக்காலத்தில் உலோகக் கோல் இல்லை. நோயாளர் மாதக்கணக்காகச் சாந்துக்கட்டினுட் படுக்கையிற் கிடந்தனர். பின்னர், ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்டு முதுகு சாய்ந்த பிள்ளைகளைப் பராமரித்த போல் ஹரிங்டன், துருவேறா உருக்குக் கோலைக் கொளுக்கிகளால் மாட்டி முதுகை நிமிர்த்தும் முறையை உருவாக்கி, 1962 இல் விரிவாக வெளியிட்டார். அவர் தொடக்கத்தில் என்பொட்டுச் செய்யாது கோலை மட்டும் பொருத்தியபோது, கோல்கள் முறிந்தும் கொளுக்கிகள் கழன்றும் போயின. உலோகம் எத்துணை வலிதாயினும், ஓயாது அசையும் உடலில் ஓய்ந்தே போகும். என்பு ஒட்டினாலன்றி நிமிர்வு நிலையாது என்பதை அவர் அதனாற் கற்றார். கோல் முறிவது முந்துமோ, என்பு ஒட்டுவது முந்துமோ என்னும் ஓட்டப்பந்தயமே இச்சிகிச்சை எனலாம். 1984 இல் பிரான்சிய வைத்தியர் கொத்ரெல், துபூசே ஆகிய இருவரும் பல இடங்களிற் பிடிக்கும் கோல்முறையை வெளியிட்டனர். அதன்பின் திருகாணி முறையும் வளர்ந்தமையால் சாந்துக்கட்டும் நெடும்படுக்கையும் பெரிதும் ஒழிந்தன. ஆயினும் பந்தயம் ஒழியவில்லை.

இனி, தேறுங் காலத்தை நோக்குவாம். சத்திரசிகிச்சையின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோயாளியைத் தாதிமார் எழுப்பி நிறுத்துவர். இது கொடுமையன்று. குருதி உறைந்து நாளங்களை அடையாதிருக்கவும், சுவாசப்பை விரியவும் அது வேண்டும். படுக்கையிற் புரளும்போது தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்குற்றி உருள்வது போலத் திரும்புதல் முதற்பாடம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீடு செல்லல் இயலும்.

வீட்டிற்கு வந்தபின் முதல் ஆறு வாரங்களும் மிகக் கடினமானவை. இடுப்பாற் குனிதல், பாரந் தூக்குதல், உடலை முறுக்குதல் என்னும் மூன்றும் விலக்கு. நீர் நிறைந்த வாளியை ஒருபோதும் தூக்கலாகாது. ஏறத்தாழ 4 கிலோகிராமுக்கு மேற்பட்டது எதுவும் ஆகாது என்பர் பலர். கிணற்றில் நீர் அள்ளுதலும், துருவலையிற் குந்தித் தேங்காய் துருவுதலும், பாயிற் சம்மணங்கட்டி இருத்தலும் ஒத்திவைக்கப்பட வேண்டியன. உயரமான கதிரையும், உயர்த்தப்பட்ட மலசலகூட இருக்கையும், நிலத்திற் கிடப்பதை எடுக்கும் நீண்ட இடுக்கியும் வீடு திரும்புமுன்னரே ஆயத்தமாதல் நன்று. கோயிலில் அட்டாங்க நமஸ்காரஞ் செய்து பழகியவர் நின்று கைகூப்புதலே அமையும்.

விலக்கு இவையாயின், விதி யாது? நடத்தல். முதல்நாள் விறாந்தையின் மறுகோடி வரை, அடுத்தடுத்த நாள்களிற் படலை வரை, பின்னர் ஒழுங்கையின் முடிவு வரை என நாடோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். என்பு தான் தாங்கும் பாரத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை யூலியஸ் வொல்ஃப் என்னும் செருமானியர் 1892 இலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே அன்பு மிகுதியால், எழும்பாதே, படுத்திரு எனத் தடுக்கும் உற்றார் நன்மை செய்பவராகார். அவ்வாறே, எனக்கு நோவில்லை எனத் துணிந்து மூட்டையைத் தூக்கும் ஆண்மையும் அறியாமையேயாம்.

உணவிலும் கருத்து வேண்டும். புதிய என்பு வெறுங் கஞ்சியால் வளராது. பால், முட்டை, மீன் ஆகியனவும், மரக்கறி உணவினர்க்குப் பயறும் பருப்பும் தயிரும் வேண்டும். வலுவான நோவுமருந்துகள் மலத்தைக் கட்டும். கீரையும் பழமும் நீரும், வேண்டின் மருந்தும் கொள்க. அம்மருந்துகளை வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைத்தலே முறை. கடைகளிற் கிடைக்கும் வேறு நோவுக்குளிசைகளுட் சில, என்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தக் கூடுமாதலின், கேளாது உட்கொள்ளற்க. புகைத்தலோ ஒட்டுக்குப் பெரும்பகை. நிக்கொற்றின் நுண்ணிய குருதிக்கலன்களைச் சுருக்கிப் புதிய என்பைப் பட்டினி போடுகின்றது. சிகிச்சைக்குப் பல வாரங்களின் முன்னரே அதனைக் கைவிடுதல் வேண்டும்.

மூன்றாம், நான்காம் வாரங்களிற் பலர் மனஞ் சோர்கின்றனர். நோய் பார்க்க வருவோர் கூட்டம் குறைந்துவிடும். பழங்களும் பலகாரங்களும் நின்றுவிடும். தையல் ஆறிவிட்டது, இனி என்ன குறை எனப் பிறர் எண்ணுவர். நோயாளியோ காற்சட்டையைத் தானே அணியமாட்டாது, பத்து நிமிட நடையிற் களைத்து, முதுகிலே பலகை கட்டியது போன்ற புதிய உடலோடு பழகிக்கொண்டிருப்பார். வடுவின் அயலில் உணர்ச்சி மரத்திருக்கும். ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டமையால் தன் நிழலே தனக்குப் புதிதாய்த் தோன்றும். செய்துகொண்டது தவறோ என்னும் ஐயம் இரவிலே எழும். இவ்வையம் வழக்கமாக வருவதொன்றென முன்னரே அறிந்தவர் அதனைக் கடத்தல் எளிது. அறியாதவர் அதனைத் தோல்வியென மயங்குவர். நண்பர் வருகை மிகவும் வேண்டப்படுவது முதல் வாரத்திலன்று, ஐந்தாம் வாரத்திலே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் நன்று.

மூன்று மாதமளவில் இருந்து செய்யும் தொழிலுக்குப் பலர் மீள்கின்றனர். முதலில் அரைநாளாகத் தொடங்குதல் தகும். உடலுழைப்புத் தொழிலினர்க்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் செல்லும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் என்பு ஒன்றித்தமை தெளிவாய்த் தோன்ற ஆறு முதற் பன்னிரண்டு மாதங்கள் வேண்டும். இளையோரினும் முதிர்ந்தோர்க்கு இது தாமதமாகும். அதன் பின்னும் என்பு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். இக்காலவெல்லைகள் ஆளுக்காள் வேறுபடுவன. தத்தம் வைத்தியர் வகுத்ததே முடிந்த முடிபு.

சில குறிகளைக் கண்டால் ஒரு நாளேனும் தாமதித்தலாகாது. காய்ச்சல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிதல், காலிற் புதிதாய்த் தோன்றும் வலுவின்மை, சிறுநீர் மலம் அடங்காமை, கெண்டைக்கால் வீங்கி நோதல், திடீர் மூச்சுத் திணறல் என்பன அவை. மாதங்கள் கழிந்து, ஆறிய முதுகிற் புதிய நோவு எழுமாயின், அது என்பு ஒட்டாமையால் கோல் முறிந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இச்சிகிச்சை தராதனவற்றையும் மறைத்தல் முறையன்று. ஒட்டிய பகுதி இனி வளையாது. இடுப்புப் பொருத்தும் முழங்காலும் அதன் வேலையைச் சேர்த்துச் செய்தல் வேண்டும். ஒட்டுக்கு மேலும் கீழும் உள்ள பொருத்துகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்தலும் உண்டு. முதிர்ந்தோரிடத்து இடையூறுகள் இளையோரிலும் மிகுதி. சிலர்க்கு இரண்டாஞ் சத்திரசிகிச்சையும் வேண்டியதாகும். நோவு குறையும் என எதிர்பார்த்தல் தகும். முற்றும் ஒழியும் என எதிர்பார்த்தல் தகாது. இவற்றையெல்லாம் எடைபோட்ட பின்னரே உடன்பாட்டுத் தாளிற் கையொப்பமிடல் வேண்டும்.

ஆயினும், நம்பிக்கைக்கும் இடமுண்டு. அமெரிக்கக் கோல்ஃப் வீராங்கனை ஸ்ரேசி லூயிஸ் பதினொரு வயது முதல் ஏழரை ஆண்டுக் காலம் நாளொன்றுக்கு 18 மணி நேரம் முதுகுக் கவசம் அணிந்தவர். அதனாலும் வளைவு அடங்காமையின், 2003 இல், தமது பதினெட்டாம் வயதில், ஒரு கோலும் ஐந்து திருகாணிகளும் பொருத்தப்பெற்றார். ஆறு மாதங்கள் அவர் முழுவீச்சாகப் பந்தடித்தல் விலக்கப்பட்டது. அக்காலத்திலே பந்தைச் சிறுதூரம் எறிதலையும் குழிக்குள் உருட்டுதலையுமே பயின்றுகொண்டிருந்தார். 2013 இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். பதினெட்டு வயதினர் எய்தியதனை ஐம்பது வயதினர் அனைவரும் எய்துவர் என்கின்றோமல்லோம். விலக்கிய ஆறு மாதத்தை அவர் விலக்காகவே காத்தார் என்பதே நாம் கொள்ளற்பாலது.

கட்டை அவிழ்த்துப் பார்க்க அவாவுறும் சிறுவனுக்கு ஒட்டுமா வாய்ப்பதில்லை. நீரூற்றி, நிழலிட்டு, அசையாது காத்திருந்தவனுக்கே அது காய்க்கின்றது. கடமைகளாற் கட்டுண்ட நடுவயதினர் தமக்கென ஓராண்டை ஒதுக்குதல் தன்னலமாமோ எனக் கூசுவர். அது தன்னலமன்று, எஞ்சிய ஆண்டுகளிலே குடும்பத்தையும் தொழிலையும் நிமிர்ந்து நின்று தாங்குதற்கு இடும் அத்திவாரமே அது. இதனை வாசிக்கும் இளமாணவர், தம் வகுப்பிலே கவசம் அணிந்த தோழன் ஒருவன் இருப்பானாயின், அவனை நகையாது, அவன் புத்தகச் சுமையை வாங்கிக்கொள்வாராக. நிமிர்ந்து நில் என்று அவனுக்குச் சொல்லுதல் எளிது. நிமிர்தற்கு அவன் செலுத்தும் விலையை அறிதலே கல்வியின் பயன்.